நாற்காலி நேரம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. தராசு டீச்சர் என்றால்தான் தெரியும். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது எப்படியோ அவள் காதுக்கும் வந்து சேர்ந்தது. என்ன ஆகப்போகிறதோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருக்க, அவளோ உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். வீட்டில் வந்து, "நல்ல பேராத்தான் வெச்சிருக்குதுங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் கணவர் பல் கட்டுகிறவர். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குப் பல்வரிசை செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் என் கைவேலையில்தான் சிரிக்கிறார்கள் என்று பெருமை பேசுவார். அவர் சொன்னார்: "தராசா இருந்தா ஒரு வசதி. மேல எத வெச்சாலும் அதுக்கு வலிக்காது." அவள் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெயருக்காக அவள் இழந்ததும் உண்டு. சொந்த அக்கா மகன் அவள் வகுப்பில் படித்து ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறினான். அக்கா வீடு தேடி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மார்க்தானேடி, கண்ண மூடிக்கிட்டுப் போடேன்" என்று அழுதாள். இவள் போடவில்லை. அன்றைக்கு வாசலைத் தாண்டிய அக்கா, அப்புறம் நல்லது கெட்டது எதற்கும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அதற்காக இவள் அழாத அழுகை இல்லை. ஆனால் அழுத கையோடு மூக்கைச் சிந்திவிட்டு, நான் செய்ததுதான் சரி என்றும் சொல்லிக்கொள்வாள். அப்படி ஒரு பிறவி.

கோப்பு விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் கடைசி வருடம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கோப்பு கொடுக்க வேண்டும். பரீட்சை தனி, இது தனி. இத்தனை வருடம் செய்ததில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து, எங்கே தடுமாறினேன், எப்படித் திருத்தினேன் என்றெல்லாம் சேர்த்துக் கட்டி, கடைசியில் தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதி வைக்க வேண்டும். அதில் நாற்பது மதிப்பெண் வாங்கினால்தான் பள்ளி முடித்த சான்றிதழ். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டுக் கோப்பில் கோட்டை விட்டாலும் இன்னொரு வருடம் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

முன்பெல்லாம் இதில் நடக்காத தில்லுமுல்லு கிடையாது. பெரிய இடத்துப் பிள்ளையின் கோப்பு என்றால் பிரித்துக்கூடப் பார்க்காமல் தொண்ணூறு விழும். தராசு டீச்சர் வந்துதான் அதற்கு ஒரு வழி பண்ணினாள். பெயரின் மேல் கறுப்புத் தாளை ஒட்டி மறைத்தாள். வெளியே எண் மட்டும் தெரியும். கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்று எல்லாவற்றையும் தட்டச்சு செய்யச் சொன்னாள். ஒரு கோப்பை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருவரும் போடுவதில் ரொம்ப வித்தியாசம் இருந்தால் மூன்றாவது ஆள் பார்க்க வேண்டும். படிக்கும்போது இது இன்னாருடையது என்று தெரிந்துவிட்டால், மேலே 'அறிந்த கோப்பு' என்று எழுதி ஒதுக்கிவிட வேண்டும். தேறாத கோப்பைப் பிள்ளை கையில் கொடுத்தால் குப்பையில் போட்டுவிட்டு வீட்டில் போய்க் கதை அளக்கும். அதனால் வீட்டுப் பெரியவரை வரவழைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

எல்லாம் அவள் வகுத்த விதிகள். ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருந்தன. நல்ல விதிகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் அவை ஒவ்வொன்றும் வரிசையாக வந்து அவள் கழுத்தையே பிடித்தன.

இரண்டாவது ஆளாகக் கோப்பு பார்த்தவர் ஓர் இளம் ஆசிரியர். அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். தராசு டீச்சர் மழை என்றால் குடையைத் தேடுவார். தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. இவரோ அவள் போட்ட மதிப்பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டு கூட்டியோ இரண்டு குறைத்தோ போட்டுவிடுவார். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை. என் மதிப்பெண் எப்படியும் சரியாகத்தானே இருக்கும், அதைப் பார்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஓர் எண்ணம். அந்த எண்ணத்துக்கு நான் என்ன பெயர் வைப்பது? திமிர் என்று சொன்னால் அவள் கணவர்கூட மறுக்க மாட்டார்.

வீடு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், முதல் மாடியில். அவள், கணவர், அந்த வருடம் கடைசி வகுப்பில் இருந்த மகள் என்று மூன்று பேர். நேர் மேலே இரண்டாம் மாடியில் ஒரு பெரியவரும், தாய் தகப்பன் இல்லாத அவருடைய தம்பி மகளும். அந்தப் பெண்ணும் இதே பள்ளி, இதே வகுப்பு. பெரியவர்தான் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். தண்ணீர் மோட்டார் எப்போது ஓடும், படிக்கட்டில் செருப்பை எங்கே விட வேண்டும் என்றெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிக் கீழே ஒட்டுவார். எதிரே யார் வந்தாலும் ஒதுங்கி வழிவிடுவார். அவர் மனைவி தாய் வீட்டுக்கு என்று போனவர், போனவர்தான். கேட்டால், "அவங்களுக்கு உடம்பு சரியில்ல" என்பார் அந்த மனிதர், முகம் மாறாமல்.

சில சாயங்காலங்களில் மேலே ஒரு நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்கும். தரை ஓட்டில் மரக்கால் உராய்கிற நீளமான சத்தம். கூடத்தின் ஒரு கோடியில் தொடங்கி, கதவுப் பக்கம் வந்து நிற்கும். அதற்குப் பிறகு பேச்சுக் குரல் இருக்காது, அழுகை இருக்காது. அவ்வப்போது எதுவோ தரையில் விழுகிற சத்தம் மட்டும் வரும். கீழே இவர்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். கணவர் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். "நாற்காலி நேரம் வந்தாச்சு" என்று ஒருநாள் அவர் வேடிக்கையாகச் சொல்லப்போக, அதுவே அந்த வீட்டில் பெயராகிவிட்டது. வேடிக்கை என்றா சொன்னேன்? பயத்துக்கு வேறு சட்டை மாட்டிவிட்டார், அவ்வளவுதான்.

மேல்வீட்டுப் பெண் அடிக்கடி கீழே படிக்க வருவாள். சில நாள் காலிக் குடத்தோடு, "தண்ணி வரல டீச்சர்" என்று வருவாள். குடம் நிரம்பிய பிறகும் போக மாட்டாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். என்ன புழுக்கமாக இருந்தாலும் முழுக்கைச் சட்டைதான். ஒருநாள் சட்டைக்கை மேலே ஏறியபோது மணிக்கட்டைச் சுற்றி நீலமாக இருந்ததை டீச்சர் பார்த்தாள்.

"என்னம்மா இது?"

"கதவு இடிச்சிடுச்சு டீச்சர்."

கதவு மணிக்கட்டைச் சுற்றியா இடிக்கும்? டீச்சருக்குத் தெரியாதா என்ன. அன்று ராத்திரி கணவரிடம் சொன்னாள். அவர், "போய்க் கேக்கலாமா?" என்றார். இவள்தான் வேண்டாம் என்றாள். "கண்ணால பாக்காத விஷயம். அவர் பக்கத்துலயும் என்ன இருக்கோ. இன்னும் கொஞ்ச நாள்ல பொண்ணு நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போகப்போகுது, ஹாஸ்டலோட இடம் கிடைச்சிருக்கு. சான்றிதழ் கையில வந்தா தப்பிச்சிடும்." அங்கேயும் தராசு. அடிவாங்குகிறவள் பக்கம் ஒரு தட்டு, அடிக்கிறவர் பக்கம் ஒரு தட்டு.

கோப்பு பார்க்கிற காலம் வந்தது. தலைமையாசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டு, "இந்த வருஷம் உங்க பொண்ணும் இருக்கா. நீங்க ஒதுங்கிக்கலாமே, யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க" என்றார்.

"பேரத்தான் மறைச்சிருக்கோமே. எனக்கு எல்லா எண்ணும் ஒண்ணுதான்."

"இல்ல, எதுக்கும் ஒரு..."

"நான் ஒதுங்கினா நான் போட்ட விதிய நானே நம்பலன்னு ஆயிடும்."

தலைமையாசிரியை பட்டியலில் அவள் பெயரையும் எழுதிக்கொண்டார்.

ஆசிரியர் அறையில் கோப்புகள் மேசை கொள்ளாமல் குவிந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். ஒன்று ஊரின் தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றி. யாரோ ஒரு பிள்ளை தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீரை எடுத்துச் சோதித்து, கணக்குப் போட்டு, படம் வரைந்து, தப்பான இடத்தில் தப்பு என்று எழுதித் திருத்தியிருந்தது. தன்னைப் பற்றிய கட்டுரையில்கூடத் தன்னைப் பற்றி ஒன்றும் பெரிதாக இல்லை. தண்ணீரைப் பற்றித்தான் இருந்தது. என்ன ஒரு ஒழுங்கு, என்ன ஒரு அடக்கம். இருக்கிறதிலேயே அதிகமாக மதிப்பெண் போட்டுவிட்டு, "இந்தப் பிள்ளையப் பெத்தவ குடுத்துவெச்சவ" என்று ஆமாஞ்சாமியிடம் சொன்னாள். அவர், "ஆமா டீச்சர்" என்றார்.

அதற்கடுத்து இரண்டு மூன்று கோப்புகள் தள்ளி அது வந்தது. முன்பகுதி சுமார். கடைசிக் கட்டுரையில் முதல் வரியைப் படித்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது.

'நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டால் அது நாற்காலி நேரம். அப்போது நான் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வேன். பேச மாட்டேன். டிவியின் சத்தம் கூடும். டிவியின் சத்தம் கூடிவிட்டால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.'

நாற்காலி நேரம். உலகத்தில் மூன்றே பேருக்குத் தெரிந்த பெயர். ஒருவர் பல் கட்டுகிறவர், ஒருத்தி அவள், மூன்றாவது ஆள் மகள். யாருடைய கோப்பு என்பதில் இனி என்ன சந்தேகம்?

நியாயப்படி அந்த நிமிடமே 'அறிந்த கோப்பு' என்று எழுதி ஒதுக்கியிருக்க வேண்டும். பேனாவை எடுக்கவும் எடுத்தாள். எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தாள். அவள் ஒதுக்குவது வேறு யாருடையதாக இருக்கும், டீச்சர் மகளின் கோப்பு என்று ஊருக்கே தெரிந்துபோகும். ஆமாஞ்சாமி கண்ணை மூடிக்கொண்டு எண்பது போடுவார். அதைவிட அநியாயம் வேண்டுமா? இன்னொன்றும் இருந்தது, கோபம். மேல்வீட்டில் ஒரு பெண் படுகிற பாட்டை, இவள் கீழே சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, தான் பட்டதுபோல எழுதி மதிப்பெண் கேட்கிறாளே என்ற கோபம். என் வயிற்றில் பிறந்தது இப்படியா போக வேண்டும் என்று அவளுக்கு ஆறவே இல்லை. 'இனி யாரும் வரமாட்டார்கள்' என்ற வரியைப் படித்து, என்னமாய்க் கதை விடுகிறாள் என்று பல்லைக் கடித்தாள்.

முப்பத்தாறு போட்டாள். கீழே குறிப்பு எழுதும் இடத்தில் சிவப்பு மையில் எழுதினாள்: 'பிறர் துயரத்தை இரவல் வாங்கி எழுதியது. இது எழுதியவரின் சொந்த அனுபவம் அல்ல.' கையெழுத்தும் போட்டாள்.

ஆமாஞ்சாமி எட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து போட்டார்.

அந்த நாட்களில் வீட்டில் அவளால் மகளின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. மகள் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், இவள் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருப்பாள். பாவம், ஒரு வருடம் போகுமே என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். அடுத்த நிமிடமே, சொந்த மகளுக்கே இப்படிப் போட்டவள் என்று நாளைக்கு ஆசிரியர் அறையில் பேசுவார்கள் என்பதும் நினைவுக்கு வரும். அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மகளோ முன்பைவிட அமைதியாக இருந்தாள். மேல்வீட்டுப் பெண் கீழே வருவதை நிறுத்தியிருந்தாள். அதையும் டீச்சர் கவனித்தாள். பரீட்சைக் களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். மேலேயும் நாற்காலி இழுபடவில்லை. அந்த அமைதி அவளுக்கு ஏனோ பிடிக்கவில்லை.

கறுப்புத் தாளை உரிக்கிற வேலை அலுவலகத்தாருடையது. ஆசிரியர்கள் கிட்டவே போகக்கூடாது என்பதும் அவள் விதிதான். அவர்கள் உரித்த மறுநாள் காலையில் அவள் உள்ளே நுழைந்ததுமே ஆமாஞ்சாமி பல்லெல்லாம் தெரிய எழுந்து வந்தார்.

"டீச்சர், நீங்க ஸ்வீட் வாங்கிக் குடுத்தே ஆகணும். நம்ம பாப்பாதான் முதல்."

அவளுக்குப் புரியவில்லை. "எந்தப் பாப்பா?"

"என்ன டீச்சர், உங்க பொண்ணுதான். தண்ணித் தொட்டி கோப்பு. குடுத்துவெச்சவன்னு நீங்களே சொன்னீங்களே, ஞாபகம் இல்லையா?" அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "தெரிஞ்சு சொன்னீங்களோ என்னவோ, நமக்கு எதுக்கு அது."

அவள் கைப்பையை மேசையில் வைத்தாள்.

"அப்போ... அந்த முப்பத்தாறு?"

"அதுவா? உங்க மேல்வீட்டுப் பொண்ணு. அவங்க பெரியப்பாவுக்கு நேத்தே ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணிட்டாங்க. காலைல கேட்டத் தெறக்கும்போதே வந்து நின்னுட்டாரு. இங்கயே உக்காந்து கடைசி வரைக்கும் படிச்சாரு. ஒரு வார்த்தை கோவமா பேசல. கையெழுத்துப் போட்டாரு, வாங்கிட்டுப் போயிட்டாரு. ரொம்ப மரியாதையான மனுஷன் டீச்சர்."

விரலை மடக்கிக்கொண்டது கீழே சோபாவில் இருந்த மகள் இல்லை, மேலே இருந்த அந்தப் பெண். டிவியின் சத்தத்தைக் கூட்டியது யார் என்றும் இப்போது தெரிந்தது. அந்தப் பெண் தானே எழுதின வாக்குமூலத்தை, யாருக்குப் பயந்து எழுதினாளோ அவர் கையிலேயே சேர்த்தாகிவிட்டது. கூடவே, இது இவள் அனுபவம் அல்ல என்று ஒரு டீச்சரின் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாகிவிட்டது.

தலைமையாசிரியையிடம் ஓடினாள். மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும், கோப்பைத் திரும்ப வாங்க வேண்டும் என்றாள். கோப்பை யாருடையது என்று நினைத்தாள், ஏன் குறைத்தாள் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் கொட்டினாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கோப்பு வெளிய போயிட்டா வீட்டுப் பெரியவர் மனு எழுதிக் குடுத்தாத்தான் மறுபடி பாக்க முடியும். நீங்க எழுதின விதிதானே?"

"அவர் குடுக்க மாட்டார்."

"அப்போ நான் மேலிடத்துக்கு எழுதிப் பாக்கணும். நாளாகும்." பேனாவை எடுத்துக்கொண்டே சொன்னார்: "யோசிச்சுப் பாருங்க டீச்சர். உங்க பொண்ணுக்கு முதலிடம், அவகூடப் படிச்ச பொண்ணுக்கு ஃபெயில், ரெண்டும் உங்க கை. சொந்தப் பொண்ணுன்னு நெனச்சுத்தான் கொறச்சேன்னு போய்ச் சொன்னா யார் நம்புவாங்க?"

"நம்பாட்டிப் போகட்டும். நீங்க எழுதுங்க. இன்னைக்கே எழுதுங்க."

மேல்வீட்டுப் பெண் அன்று பள்ளிக்கு வந்திருக்கவில்லை. தலைமையாசிரியை கடிதத்தை எழுதி முடிக்கும்வரை கூடவே இருந்துவிட்டு, டீச்சர் கடைசி வகுப்பைப் பாதியில் விட்டுக் கிளம்பினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படிக் கிளம்பியதில்லை. பெண்கள் உதவி எண்ணுக்கு வழியிலேயே நின்று வெகுநேரம் போன் போட்டாள். விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

குடியிருப்புக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கீழே அறிவிப்புப் பலகையில் பெரியவர் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தார், மோட்டார் நேரம். அவளைப் பார்த்ததும் வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டார்.

"டீச்சர், உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

அவள் பாதி வழியில் நின்றாள்; அவரே தொடர்ந்தார்.

"பொண்ணு என்னென்னமோ எழுதி வெச்சிருந்துச்சு. வேற யாராவது படிச்சிருந்தா நம்ம குடும்பத்தப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க? நீங்க படிச்சதும் கண்டுபிடிச்சிட்டீங்க, சொந்த அனுபவம் இல்லன்னு. எழுத்துலயே போட்டுட்டீங்க. அதப் பத்திரமா வெச்சிருக்கேன். எப்பவாவது தேவைப்படும்." பலகையில் தாளைத் தடவி மடிப்பில்லாமல் ஒட்டினார். "இனிமே நர்ஸ் படிப்பெல்லாம் கிடையாது. வீட்டோடதான்."

அவர் படியேறிப் போனார். ஒரு படி விடாமல், அவசரமில்லாமல்.

வீட்டில் கணவர் அன்று சீக்கிரம் வந்திருந்தார். மகளும் பள்ளி விட்டு வந்து சோபாவில் இருந்தாள். டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "நாற்காலி நேரம்னு நம்ம வீட்ல சொல்றது அவளுக்கு எப்படித் தெரியும்?"

மகள் தலையைத் தூக்கினாள். "நான்தான் சொன்னேன், ரொம்ப நாளைக்கு முன்னாடி. ஏம்மா?"

சொன்னாள். மதிப்பெண்ணைச் சொன்னாள், சிவப்பு மையில் எழுதியதைச் சொன்னாள், பெரியவர் கீழே பலகைப் பக்கம் சொன்னதையும் சொன்னாள். "உன்னோடதுன்னு நெனச்சுட்டேன்டி" என்றாள் கடைசியில்.

மகளின் குரல் சின்னதாக இருந்தது.

"என்னோடதுன்னு நெனச்சுத்தான் ஃபெயில் போட்டியா?"

"அது... நியாயம்னு..."

"நான் ஏன் தண்ணித் தொட்டியப் பத்தி எழுதினேன் தெரியுமா? என்னப் பத்தி ஒரு வரி எழுதினாலும் நீ மோப்பம் பிடிச்சிடுவ, கண்டுபிடிச்சா கொறச்சிடுவன்னு பயம். கட்டுரையில என்னையே காணாம அடிச்சேன்மா. உனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, இல்ல?"

டீச்சர் அப்படியே சுவரில் சாய்ந்தாள். அக்கா அழுதபோதுகூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை.

அப்போது மேலே நாற்காலி இழுபட்டது. ஒரு கோடியிலிருந்து தொடங்கி, நீளமாக, கதவுப் பக்கம் வந்து நின்றது.

கணவரின் கை பழக்கத்தில் ரிமோட்டுக்குப் போனது. மகள் அதைத் தட்டிவிட்டாள். ரிமோட் தரையில் விழுந்து மூடி கழன்று ஓடியது. டீச்சர் கதவைத் திறந்துகொண்டு படியேறினாள். கணவர் பின்னாலேயே வந்தார். அவர் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது. மேலே போய்க் கதவை உள்ளங்கையால் அறைந்தாள். உள்ளே எல்லாம் நின்றது. நாற்காலியைக் கதவிலிருந்து நகர்த்துகிற சத்தம் கேட்டது. கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"என்ன டீச்சர், இந்த நேரத்துல?" என்றார் பெரியவர். சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தார்.

"பொண்ண என்னோட அனுப்புங்க."

"எதுக்கு? நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே."

"நான் எழுதினது தப்பு." அவள் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது, மேல்தளத்தில் இன்னொன்றும். வகுப்பறையின் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கப் பழகிய குரல், அன்றைக்கு அதற்கு மேலும் ஏறியது. "அந்தப் பொண்ணு எழுதினது அத்தனையும் அவளோட அனுபவம். நான் தப்பாத் திருத்திட்டேன். இத யார் முன்னாடி வேணா சொல்லுவேன், எங்க வேணா எழுதிக் குடுப்பேன். வழிய விடுங்க."

அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் மரியாதையான மனிதராகத்தான் இருக்க முடிந்தது. சிரித்தபடி ஒதுங்கி நின்றார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் வந்தாள், முழுக்கைச் சட்டையின் முனைகளை விரல்களால் இழுத்துப் பிடித்துக்கொண்டு. யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள். கோப்பு உள்ளே மேசையில் கிடந்தது. அதை எடுக்க டீச்சர் காலெடுத்து வைப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

கீழே வந்ததும் அந்தப் பெண் கதவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கணவர் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, உதவி எண்ணுக்கு மறுபடி போன் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

டீச்சர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பெண் கேட்டாள். குற்றம் சொல்வதுபோல இல்லை, வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"பேர மறைச்சிடுவாங்கன்னு தெரியும் டீச்சர். அதான் நாற்காலி நேரம்னு போட்டேன். அந்த வார்த்தை உங்க வீட்டுக்குத்தானே தெரியும். அதப் பாத்தா நான்தான்னு உங்களுக்குப் புரிஞ்சிடும், மேல வருவீங்கன்னு நெனச்சேன். புரியலையா டீச்சர்?"

புரிந்தது என்றாலும் குற்றம், புரியவில்லை என்றாலும் குற்றம். டீச்சர் அந்தப் பெண்ணின் மடங்கியிருந்த விரல்களைத் தன் கையில் எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

மேலே நாற்காலி இழுபட்டது. அந்த வீட்டில் அவரைத் தவிர இப்போது யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, படியில் ஒரு செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் இறங்கி வந்தது.